மாசாய் நிலம்: ஓர் ஊர் ஒரே அரசாணையில் காப்பகமாக மாறுவது எப்படி?

2024 ஆகஸ்டில், வடக்குத் தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் ஆயிரக்கணக்கான மாசாய் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா வண்டிகள் போகும் பிரதான சாலை அது. பல நாள் மறியல் நீடித்தது. அந்த மாதத் தொடக்கத்தில் வந்த ஓர் அரசாணைதான் காரணம். 11 வார்டுகள், 25 ஊர்கள், 96 குக்கிராமங்கள் இனி நிர்வாகப் பட்டியலில் இல்லை என்று அது சொன்னது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள், ஊர்தான் காகிதத்தில் காணாமல் போயிருந்தது. ஊர் இல்லையென்றால் வாக்குச்சாவடியும் இல்லை.

இந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இரண்டு முரணான கதைகள் கிடைத்திருக்கும். அரசு சொல்வது: ‘மக்கள்தொகை பெருகிவிட்டது, விலங்குகளுக்கு இடமில்லை, விருப்பப்பட்டவர்களைத்தான் இடம் மாற்றுகிறோம்.’ மாசாய் மக்கள் சொல்வது: ‘எங்களைத் துரத்துகிறார்கள்.’ விலங்குகளையும் நேசித்து, மக்கள் பக்கமும் நிற்க நினைக்கும் வாசகர் இதற்கு நடுவே தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்திலிருந்து வெளியே வர, சிங்கம், யானையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நிலத்தின் வகையை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தத் தகராறின் வேர்.

மாசாய் மக்களும் அவர்களுடைய மேய்ச்சலும்

மாசாய்கள் கென்யாவின் தெற்கிலும் தான்சானியாவின் வடக்கிலும் வாழும் கால்நடைச் சமூகம். மாடு, ஆடு, செம்மறி ஆடுகளை நம்பிய வாழ்க்கை. அவர்களுடைய பழைய மேய்ச்சல் பரப்பில்தான் இன்று உலகப் புகழ் பெற்ற செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ, மாசாய் மாரா, அம்போசெலி எல்லாம் இருக்கின்றன. உலகின் மிகப் பெரிய காட்டு விலங்குக் கூட்டங்களுள் ஒன்று மிஞ்சியிருக்கும் நிலமும், பல தலைமுறைகளாக மாடு மேய்த்த நிலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மாசாய்கள் பொதுவாகக் காட்டு விலங்கு இறைச்சி உண்பதில்லை. வேலி போடாத, உழாத புல்வெளிதான் அவர்களுக்கும் தேவை, விலங்குகளுக்கும் தேவை.

இந்த மேய்ச்சலில் ஓர் ஒழுங்கு உண்டு. மழைக்காலத்தில் சமவெளிப் புல்லுக்குப் போவார்கள். கோடையில் நீரூற்றும் நிழலும் உள்ள மேட்டுநிலங்களுக்கு ஏறுவார்கள். கோடைக்கென்று சில பகுதிகளை யாரும் மேய்க்காமல் ஒதுக்கி வைப்பதும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சமவெளியில் வில்டபீஸ்ட் என்னும் காட்டுமாடுகள் லட்சக்கணக்கில் கன்று ஈனும். அந்தக் கன்றுகளிடமிருந்து பரவும் ஒரு வகைக் காய்ச்சல் வீட்டு மாடுகளைக் கொன்றுவிடும். அதனால் அந்த மாதங்களில் மாசாய்களே சமவெளியைக் காட்டு விலங்குகளுக்கு விட்டுவிட்டு விலகிப் போவார்கள். கைவிடப்பட்ட பழைய மாட்டுப்பட்டிகளில் சாணம் உரமாகி, சத்துள்ள புல் திட்டுகள் முளைக்கின்றன. மேய்ப்பர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழிந்தும் அத்திட்டுகள் வளமாக இருப்பதைக் கென்யாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காட்டு விலங்குகளும் அங்கே வந்து மேய்கின்றன.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி வாழும் சமூகத்திடமிருந்து எல்லா நிலத்தையும் பிடுங்க வேண்டியதில்லை. கோடை மேய்ச்சலையும் நீரையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், மீதி நிலம் தானாகவே பயனற்றுப் போகும். கிணற்றை எடுத்துக்கொண்டு ‘வீடு உனக்கே’ என்பது போலத்தான் அது.

தான்சானியாவில் நிலம் யாருடையது?

தான்சானியாவில் நிலம் முழுவதும் பொதுநிலம், அதிபர் அதன் அறங்காவலர். தனிமனிதருக்கும் ஊருக்கும் கிடைப்பது அனுபவ உரிமை மட்டுமே. 1999இல் வந்த இரண்டு நிலச் சட்டங்கள் நிலத்தை மூன்றாகப் பிரிக்கின்றன:

1. ஊர் நிலம். ஊர்ச்சபையும் ஊர் மன்றமும் நிர்வகிக்கும். பட்டா இல்லாவிட்டாலும் வழக்காற்று உரிமை செல்லும்.
2. ஒதுக்கப்பட்ட நிலம். தேசியப் பூங்கா, காப்பகம், காடு போன்றவை. நிர்வகிப்பது அரசு அமைப்புகள்.
3. பொதுவகை நிலம். மற்ற இரண்டிலும் சேராதது.

முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நிலத்தை மாற்றும் அதிகாரம், ‘பொதுநலன்’ என்ற பெயரில் அதிபரிடம் இருக்கிறது. முறைப்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும். ஆனால் முடிவு மேலே எடுக்கப்படுகிறது. மாற்றம் நடந்த மறுநாள், நேற்றுவரை தன் நிலத்தில் மாடு மேய்த்தவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுகிறார். மாடு பிடிக்கப்படும், தலைக்கு இவ்வளவு என்று அபராதம் வரும்.

இன்னொரு வகையும் உண்டு, பல குழப்பங்களுக்கு அதுவே காரணம். அதன் பெயர் வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆங்கிலேயர் காலத்தில் அது வேட்டைக்கு அனுமதி வழங்குவதற்கான எல்லைக்கோடு மட்டுமே, உள்ளே ஊர்களும் மாடுகளும் சட்டப்படியே இருந்தன. 2009இல் வந்த வனவிலங்குச் சட்டம் அப்பகுதிகளில் அனுமதியின்றி மேய்ச்சலைத் தடை செய்தது. ஆனால் அதே சட்டம் ஊர் நிலத்தை அப்பகுதிக்குள் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியானால் ஏற்கெனவே இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்? ங்கோரோங்கோரோவுக்கு வடக்கே உள்ள லோலியோண்டோவில் நடந்த எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பியது.

1890களிலிருந்து 1959 வரை

1890களில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்றது. கூடவே அம்மையும் பஞ்சமும் வந்தன. மாசாய் சமூகம் நொறுங்கிப்போயிருந்த அந்தக் காலத்தில்தான் ஐரோப்பியர்கள் வந்து ‘ஆளில்லா வெற்று நிலம்’ என்று எழுதினார்கள். ஆள் இறந்து காலியான நிலத்தை, ஆளே இல்லாத நிலம் என்று பதிவு செய்ததன் விளைவு இன்றுவரை தொடர்கிறது.

கென்யாவில் 1904இல் பிரிட்டிஷார் மாசாய்த் தலைவர்களுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு, ரிஃப்ட் பள்ளத்தாக்கின் நல்ல நிலங்களை வெள்ளைக் குடியேறிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். மாசாய்களுக்கு வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கிலுமாக இரண்டு ஒதுக்கிடங்கள். மாசாய் இனம் இருக்கும்வரை இது மாறாது என்றார்கள். ஏழே ஆண்டுகளில் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது, லைக்கிப்பியாவும் போயிற்று. மாசாய்கள் நீதிமன்றம் போனார்கள். 1913இல் வந்த தீர்ப்பு, அது இறையாண்மை உள்ள இரு தரப்பினரிடையே ஆன உடன்படிக்கை, எனவே இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது. நிலத்தைப் பறிக்கும்போது குடிமக்கள், நியாயம் கேட்கும்போது அயலார்.

தான்சானியாவில் கதை விலங்குகளின் பெயரில் நடந்தது. 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது ங்கோரோங்கோரோவும் அதற்குள் இருந்தது, மாசாய்களும் இருந்தார்கள். உள்ளே மனிதர் யாருமே இருக்கக் கூடாது, பூர்வகுடிகளும்கூட, என்ற கருத்து ஐரோப்பாவில் வலுத்தது. ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக் அதைத் தீவிரமாகப் பரப்பியவர். இழுபறி முற்றி, 1959இல் பூங்கா இரண்டானது. செரெங்கெட்டி மனிதரில்லாப் பூங்காவானது. அதிலிருந்து வெளியேறிய மாசாய்களுக்கும், ஏற்கெனவே அங்கிருந்தவர்களுக்குமாக சுமார் 8,300 சதுர கிலோமீட்டர் கொண்ட ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி உருவானது. மனிதர், மாடு, காட்டு விலங்கு மூன்றும் சேர்ந்து வாழ வேண்டும் என்று சட்டமே சொன்ன அரிய ஏற்பாடு அது. விலங்கு நலனும் மக்கள் நலனும் மோதினால் மக்கள் நலனுக்கே முன்னுரிமை என்று அன்றைய ஆளுநர் ரிச்சர்ட் டர்ன்புல் மாசாய் பேரவையில் வாக்குக் கொடுத்தார்.

மாசாய் பெரியவர்கள் இன்றும் பேச்சை இந்த வாக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை ங்கோரோங்கோரோ சும்மா கிடைத்த சலுகை இல்லை, செரெங்கெட்டியை விட்டுக்கொடுத்ததற்கான ஈடு.

அப்புறம் அந்த ஈடும் துண்டு துண்டாகக் குறைந்தது. 1974இல் ங்கோரோங்கோரோவின் பெரிய எரிமலைக் குழியின் தரையில் வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1975இல் பயிர் செய்யத் தடை வந்தது, 1992இல் தளர்ந்தது, 2009இல் மீண்டும் இறுகியது. பின்னர் குழிகளுக்குள் மாட்டை இறக்கவும் தடை வந்தது. நீரும் கனிம உப்பும் கிடைத்த இடங்கள் அவை.

லோலியோண்டோ: ஒரே நிலம், மூன்று முயற்சி

செரெங்கெட்டியின் கிழக்கு எல்லையை ஒட்டி, கென்ய எல்லைவரை கிடக்கும் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர்தான் லோலியோண்டோ. பதிவு பெற்ற ஊர்கள் இருக்கும் இடம். வில்டபீஸ்ட் கூட்டம் வலசை போகும் வழியும் இதுவே. 1992இல் இங்கே வேட்டையாடும் உரிமம் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஓட்டர்லோ பிசினஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. மாடு மேய்ப்பது சூழலைக் கெடுக்கும், பணக்கார விருந்தினர் துப்பாக்கியால் வேட்டையாடினால் கெடாது என்ற நிலைப்பாட்டை எந்தச் சூழலியலும் தாங்கிப் பிடிக்காது.

2009 ஜூலையில், கடும் வறட்சிக்கு நடுவே, காவல் படையினர் குடியிருப்புகளை எரித்து மக்களை விரட்டினார்கள். 2013இல் 1,500 சதுர கிலோமீட்டரைத் தனியே வெட்டி எடுக்கும் திட்டத்தை அமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு உலக அளவில் கிளம்ப, பிரதமர் மிசெங்கோ பிண்டா நேரில் வந்து அதைக் கைவிட்டார். 2017இல் மறுபடி வீடுகள் எரிந்தன.

அந்த ஆண்டே நான்கு ஊர்கள், வடக்குத் தான்சானிய நகரமான அருஷாவில் உள்ள, அண்டை நாடுகளுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2018இல் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தத் தடை நடைமுறையில் இருக்கும்போதே, 2022 ஜூனில், பாதுகாப்புப் படையினர் அதே 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட வந்தார்கள். மக்கள் எதிர்த்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் காயம்பட்டார்கள். ஒரு காவலர் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் கென்யாவுக்குத் தப்பி ஓடினார்கள், குண்டடி பட்டவர்களுக்குச் சிகிச்சையும் அங்கேதான். உள்ளூர் தலைவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மீது கொலை வழக்குப் பதிவாகி, மாதக்கணக்கில் சிறையில் இருந்தபின் நவம்பரில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

நிலத்தின் வகை மாறிய விதத்தைப் பாருங்கள். 2022 ஜூனில் அமைச்சரின் அறிவிப்பால் அந்தத் துண்டு ‘பொலொலெட்டி வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதி’ ஆனது. அக்டோபரில் அதிபரின் அறிவிப்பால் ‘பொலொலெட்டி காப்பகம்’ ஆனது. மக்களைக் கலந்து பேசாமல் போட்ட முதல் அறிவிப்பு செல்லாது என்று 2023 செப்டம்பரில் அருஷா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் நிலம் இரண்டாவது அறிவிப்பின் கீழ் போயிருந்தது. வழக்கில் வென்றும் மாட்டை உள்ளே விட முடியவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்தில், 2022இல் ஊர்களின் வழக்கு தள்ளுபடியானது. வீடுகள் எரிந்தது ஊர் நிலத்தில்தான், பூங்காவுக்குள் அல்ல என்பதைப் போதிய அளவு நிரூபிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். 2023 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, சாட்சியங்களைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று கூறி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

ஒரு தகவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடுக்கப்பட்ட 1,500 சதுர கிலோமீட்டர், லோலியோண்டோவின் கோடை மேய்ச்சல். ‘மீதி 2,500 மக்களுக்கே விட்டுவிட்டோம்’ என்று அரசு சொல்வது கணக்குப்படி சரி. அந்த மீதியில் மலை, காடு, விளைநிலம், குடியிருப்பு எல்லாம் அடக்கம்.

ங்கோரோங்கோரோ: ‘விருப்பத்தின் பேரில்’

இங்கே வழி வேறு, யாரும் வீட்டை எரிக்கவில்லை. 2022 ஜூன் முதல், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ஹண்டேனி மாவட்டத்தின் ம்சோமேராவுக்குக் குடும்பங்கள் கொண்டுபோகப்படுகின்றன. வீடும் விவசாய நிலமும் பணமும் தருகிறார்கள். விரும்பியே போனவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் விருப்பம் என்ற சொல் செல்லுபடியாக, போகாமல் இருப்பதும் வாழக்கூடிய தேர்வாக இருக்க வேண்டும். நடந்தது இதுதான்:

1. பள்ளி, மருத்துவமனை, குடிநீருக்கான நிதி வேறு பக்கம் திருப்பப்பட்டது. எண்டுலென் மருத்துவமனையின் சேவைகள் சுருங்கின. தொலைவூர்களுக்குக் கர்ப்பிணிகளையும் அவசர நோயாளிகளையும் ஏற்றிச் சென்ற விமான மருத்துவச் சேவை 2022இல் நிறுத்தப்பட்டது.
2. வீடு கட்டவும் பழுது பார்க்கவும் அனுமதி கிடைப்பதில்லை.
3. கடைசியாக, 2024இல் ஊர்களின் பெயரே நீக்கப்பட்டது. சாலை மறியலுக்கு நடுவே அருஷா உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை நிறுத்திவைக்க, அரசும் பின்வாங்கியது.

பிரசவ வலி எடுத்தால் போக ஆஸ்பத்திரி இல்லாத இடத்திலிருந்து ஒரு தாய் வண்டி ஏறினால், அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ம்சோமேராவும் காலி இடமில்லை. ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்கள், அவர்களிலும் பலர் மாசாய்கள், தங்கள் நிலத்தைத்தான் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்கிறார்கள். பல மனைவியர் உள்ள குடும்பங்களில் ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு என்பது மாசாய் வழக்கம். குடும்பத் தலைவருக்கு ஒரு வீடு என்ற கணக்கு அந்தப் பெண்களை விட்டுவிட்டது. 2024 ஜூலையில் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் அறிக்கை இக்குறைகளை விரிவாகப் பதிவு செய்தது.

அரசின் வாதத்தில் எவ்வளவு உண்மை?

அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1959இல் ங்கோரோங்கோரோவில் சுமார் 8,000 பேர் இருந்ததாகக் கணக்கு. இன்று ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். மேய்ச்சலுக்கு இருக்கும் நிலமோ சுருங்கியிருக்கிறது. வறுமை உண்மை, தலைக்கு உள்ள மாடுகள் வெகுவாகக் குறைந்தது உண்மை, சில இடங்களில் புல் தேய்ந்ததும் உண்மை. எதையும் மாற்றாமல் இப்படியே விட்டுவிடலாம் என்று பொறுப்புள்ள யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த உண்மைகளிலிருந்து ‘ஆகவே மக்கள் போகட்டும்’ என்ற முடிவுக்குத் தாவும்போதுதான் வாதம் இடறுகிறது. வில்டபீஸ்ட்களின் எண்ணிக்கை 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம். 1970களின் இறுதிக்குள் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வெக்கை நோயை ஒழித்ததே முக்கியக் காரணம். மேய்ப்பரின் மாடு நலமாக இருந்ததால் காட்டுமாடும் பிழைத்தது. அடுத்து, நெருக்கடிக்கு மாடு மட்டுமா காரணம்? குழியின் விளிம்பில் விடுதிகள் நிற்கின்றன, தரையில் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. மக்களைக் குறைக்கத் திட்டம் போடும் அதே கையில் சுற்றுலாவைப் பெருக்கும் திட்டமும் இருக்கிறது. ங்கோரோங்கோரோ 1979 முதல் உலகப் பாரம்பரியக் களம். மாசாய்களை அகற்றும்படி தாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை என்று யுனெஸ்கோவே 2022இல் விளக்கம் தர வேண்டி வந்தது.

உலகளாவிய சூழலும் சேர்ந்துகொள்கிறது. 2030க்குள் பூமியின் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்குவது என்று 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இலக்கு தேவையானதுதான். ஆனால் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஏற்கெனவே ஏதோ ஒரு பாதுகாப்பின் கீழ் வைத்திருக்கும் தான்சானியா போன்ற நாட்டில், புதிதாக ஒதுக்கும் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவரின் மேய்ச்சலாகத்தான் இருக்கும்.

கென்யாவில் வேறு வழி இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. மாசாய் மாராவைச் சுற்றி நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் நிலத்தைச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். மாதாமாதம் பணம் வருகிறது. குறிப்பிட்ட காலங்களில், முறை வைத்து மாடும் மேய்க்கலாம். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது, அடிப்படை வித்தியாசம் அதுதான்.

குறைகளும் சிறியவை இல்லை. பழைய கூட்டுப் பண்ணைகளைத் தனித்தனிப் பட்டாக்களாக உடைத்தபோது வேலிகள் முளைத்தன, கென்யப் பக்கத்து வலசைக் கூட்டம் பெருமளவு சரிந்தது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில், பணமும் அவர்களுக்கே. 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது குத்தகைப் பணமும் ஆட்டம் கண்டது.

ஆப்பிரிக்க அளவிலும் முன்னுதாரணங்கள் உண்டு. போகோரியா ஏரிக்கரையிலிருந்து காப்பகத்துக்காக வெளியேற்றப்பட்ட எண்டோரோய்ஸ் மக்களின் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2010இல் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் கென்யாவிடம் கூறியது. மாவ் காட்டின் ஓகியெக் மக்களுக்குச் சாதகமாக 2017இல் ஆப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் ஏட்டில் வென்றவை, கென்யா நடைமுறைப்படுத்தத் தயங்கியவை.

இனி வரும் செய்திகளில் எதைப் பார்ப்பது?

2024 டிசம்பரில் அதிபர் சாமியா சுலுஹு ஹசன் அருஷாவில் மாசாய் தலைவர்களைச் சந்தித்து, இரண்டு ஆணையங்கள் அமைப்பதாக அறிவித்தார். ஒன்று நிலத் தகராறை ஆராய, மற்றொன்று இடமாற்றம் நடந்த விதத்தை ஆராய. உலக வங்கியும் இதே காலத்தில் ஒரு முடிவெடுத்தது. தெற்கே ருவாஹா பூங்கா விரிவாக்கத்தோடு தொடர்புடைய 15 கோடி டாலர் திட்டத்தை, வெளியேற்றம், வன்முறைப் புகார்களை அடுத்து, முதலில் நிறுத்திவைத்து, 2024 நவம்பரில் கைவிட்டது. வெளிப்பணம் நின்றால் அரசுகள் யோசிக்கின்றன என்பதற்கு இது சான்று.

அடுத்து ‘தீர்வு’ என்று ஒரு செய்தி வந்தால், மூன்று கேள்விகளை வைத்து அதைப் படியுங்கள்:

1. நிலம் எந்த வகையின் கீழ் வருகிறது? ஊர் நிலமா, ஒதுக்கப்பட்ட நிலமா? வீடு, பணம், சாலை பற்றிய அறிவிப்புகள் இதற்குப் பதிலாகாது.
2. கோடை மேய்ச்சலும் நீரும் யார் கையில்? பொலொலெட்டிக்குள் கோடையில் மாடு போக முடிகிறதா?
3. எண்டுலெனில் மருத்துவர்கள் மறுபடி முழு அளவில் வேலை செய்கிறார்களா, பள்ளிக்கூடத்துக்கு நிதி போகிறதா? அங்கேயே இருக்க நினைப்பவருக்கு இவை திரும்பக் கிடைக்காதவரை, எத்தனை குடும்பங்கள் ‘விரும்பி’ப் பதிவு செய்தன என்ற கணக்கு எதையும் நிரூபிக்காது.